முதல் டேக்கில் ஹார்ன் இருந்தது

இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தலை நரைத்தவர்களாக இருப்பார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. ஆனால் மைக் மாட்டிய பூம் கம்பைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது. இனி வெளிப்பதிவு வேண்டாம், ஸ்டுடியோவில் உட்கார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வகையில் நானும் ஓய்வு பெற்றவள்தான். இந்த ஆண்டு நம் ஆவணப்படக் குழுவின் ஒலிப்பதிவுப் பிரிவுக்கு வந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். எந்த மைக்கை எங்கே வைப்பது என்பதையெல்லாம் கருவியோடு வரும் கையேட்டிலேயே படித்துக்கொள்ளலாம். நான் எழுதப்போவது அதில் இல்லாதது.

நான் கொல்லிமலைக்காரி. அங்கே எடப்புளி நாடு என்கிற பகுதி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். இதை நான் ஒருபோதும் குரலைத் தாழ்த்திச் சொன்னதில்லை, இங்கேயும் தாழ்த்தப் போவதில்லை. நாம் எடுத்த ஒவ்வொரு படத்தையும் ஊருக்குக் கொண்டுபோய் என் அப்பாவுக்குக் காட்டியிருக்கிறேன். கடைசியில் பெயர்கள் ஓடும்போது அவர் எழுந்து நின்றுகொள்வார். எது என் பெயர் என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் எல்லாப் பெயரும் ஓடி முடியும்வரை நிற்பார்.

உங்களுக்கே தெரியும், நாம் எடுப்பதெல்லாம் போன நூற்றாண்டின் கதைகள். அணைக்காக ஊரைக் காலி செய்தவர்கள், பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியவர்கள், முதன்முதலாக ஓட்டுப் போட்ட பெண்கள். பேச வருகிறவர்களுக்கு வயது எழுபதோ எண்பதோ இருக்கும். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது நம் வேலையில் கிடையாது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. கண்டிப்பான பெண்மணி. என் முதல் படத்தில், ஒரு பெரியவர் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மிக்சி ஓடியது. அவர் பேச்சை நிறுத்தத் தயங்கி நான் சும்மா இருந்துவிட்டேன். அன்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் எதிரிலும் அந்தப் பெண்மணி கேட்டார்: "அது மிக்சி நல்லா அரைக்கிற படமா, இல்ல அந்த மனுஷன் பேசுற படமா?" சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்றிலிருந்து ஒரு வைராக்கியம். என்னைத் தாண்டி ஒரு சத்தமும் உள்ளே போகக்கூடாது. விமானம், நாய், குக்கர், செல்போன் எதுவானாலும் என் கை உயரும், கேமரா நிற்கும். "அவள் ஒலிப்பதிவு செய்தால் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருக்கும்" என்று எடிட்டர்கள் சொல்வார்கள். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் செய்த பெரிய தவறு அந்தப் பெயரால் வந்தது.

எங்கள் மலையில் சாலைகள் போட்ட கதையை நாம் எடுத்தோம். அதில் ஒரு பகுதி, திண்ணனூர் நாட்டுப் பக்கம் உள்ளே போகும் ஒரு கிளைச் சாலையைப் பற்றியது. பாறையை வெடி வைத்துப் பிளந்து, மலைக்காரர்களே கல் சுமந்து போட்ட சாலை. அதில் ஒரு வளைவுக்குக் குடிகாரன் வளைவு என்று பெயர். வேலை நடந்தபோது வெள்ளையன் என்பவர் குடித்துவிட்டு வந்து, எச்சரிக்கை விசிலைக் கவனிக்காமல் வெடிக்குள் நடந்துபோய்ச் செத்தார் என்று கதை. சின்ன வயதில் நானே பஸ்ஸில் காசை நீட்டி, "குடிகாரன் வளைவு ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டிருக்கிறேன்.

வெள்ளையனின் மகள் குப்பாயி இன்னும் அங்கேதான் இருக்கிறார். வளைவுக்குக் கீழே மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் வீடு. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அப்பன் சாகும்போது கைக்குழந்தை. அவர் தன் வீட்டுக்கு நேர் எதிரே உள்ள நிறுத்தத்துக்கு வாழ்நாளில் டிக்கெட் கேட்டதில்லை. அடுத்த நிறுத்தம் வரை போய் இறங்கி, தலைச்சுமையோடு திரும்பி நடந்து வருவார். அவருடைய மகனுக்குப் பெண் கேட்கப் போன இடத்தில், "குடிகாரன் வளைவுக்காரங்கதானுங்களே?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுப் பேசியிருக்கிறார்கள்.

படத்துக்காகப் பேசச் சொல்லி நான்தான் அவரிடம் போனேன். களத்தில் காய்ந்த மிளகைக் கூட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"ஏங் கண்ணு, ஊரு சிரிச்சது பத்தலைன்னு டவுன்காரங்களும் சிரிக்கோணுமா? நீயும் மலைப்புள்ளதான? போ சாமி. ஒரு வா காப்பி வேணும்னா குடிச்சுட்டுப் போ."

காப்பி குடித்துவிட்டு வந்தேன். அவர் இல்லாமலே அந்தப் பகுதியை எடுப்பது என்று முடிவாயிற்று.

வெடி வைத்த நாளில் அங்கே வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பவர் பொன்னுசாமி ஒருவர்தான். அப்போது அவருக்கு இருபது வயதுகூட இல்லை. நான் அவரைத் தாத்தா முறையில் அப்புச்சி என்றுதான் கூப்பிடுவேன். வளைவின் கைப்பிடிச் சுவரில் அவரை உட்கார வைத்து, சட்டைக்குள் சின்ன மைக்கைக் குத்தி, கேமராவை ஓடவிட்டோம். இயக்குநர் சென்னைக்காரர், பொறுமைசாலி. ஆனால் எங்கள் ஆட்கள் வேகமாகப் பேசினால் அவருக்குப் பாதி பிடிபடாது. மலைப்பேச்சு தெரிந்தவள் அந்த இடத்தில் நான் ஒருத்திதான்.

பொன்னுசாமி பேச ஆரம்பித்தார். நான் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். எதை? காற்று மைக்கில் உரசுகிறதா, சட்டை சரசரக்கிறதா, கீழே எங்கோ மரம் அறுக்கும் சத்தம் ஏறுகிறதா என்று. மூன்று நிமிடம் போனது. பிறகு கீழ் வளைவில் பஸ் ஹார்ன் அடித்தது. மலைச் சாலையில் வளைவுக்கு வளைவு அடித்துத்தான் ஆகவேண்டும். அது அவர் குரல் மேலேயே விழுந்தது. என் கை உயர்ந்தது.

"சார், ஹார்ன். இன்னொரு டேக்."

பொன்னுசாமி என்னைப் பார்த்தார். "ஏங் கண்ணு, தப்பாச் சொல்லிப்போட்டனா?"

"இல்லீங்க அப்புச்சி. பஸ்ஸு சத்தம். முதல்ல இருந்து ஒருக்காச் சொல்லிருங்க."

பஸ் எங்களைக் கடந்து போனது. கண்டக்டர் படியில் நின்றபடி வளைவின் பெயரை வழக்கம்போலக் கத்தினார். யாரும் இறங்கவில்லை. பொன்னுசாமி பஸ் போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி சொன்னார். இந்த முறை தடங்கலே இல்லை. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. முடிந்ததும் நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை, மலைமேல் உள்ள செம்மேட்டில் தங்கியிருந்த அறையில், பேட்டியை எழுத்தில் இறக்க உட்கார்ந்தேன். ஒழுங்குக்காக முதல் டேக்கிலிருந்தே ஆரம்பித்தேன். அப்போதுதான் அவர் என்ன சொல்லியிருக்கிறார் என்பதையே கேட்டேன்.

முதல் டேக்கில் அவர் சொன்னது இது: "கீழ மேஸ்திரி கொடியக் காட்டுனா, நான் மேல விசிலு ஊதி ஆளுகள நிறுத்தோணும். அப்பறந்தான் திரியப் பத்த வெப்பாங்க. அன்னைக்கின்னு பாத்து மேல ஜீப்பு வந்துருச்சு. எங்க பக்கம் வந்த மொத ஜீப்பு. அல்லாரும் ஓடுனாங்க, நானும் ஓடுனேன். விசிலு எங் கழுத்துலயே கெடந்துச்சு. ஊதியாச்சுன்னு நெனச்சுக் கீழ திரியப் பத்த வெச்சுட்டாங்க. வெள்ளையன் பாவம், கல்லுக் கூடையத் தூக்கிக்கிட்டு எறங்கறான். விசிலு ஊதலயே, அவனுக்கு எப்படித் தெரியும்…" அந்த இடத்தில் ஹார்ன். அந்த இடத்தில் என் குரல்.

இரண்டாவது டேக்கில்: "வெள்ளையன் அன்னைக்கிக் கொஞ்சம் போட்டுட்டு வந்திருந்தான். விசிலு ஊதுனது அவங் காதுல உழுகல." துல்லியமான ஒலி.

அவர் அத்தனை வருடம் அடக்கி வைத்திருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தார். பஸ் ஹார்ன் என்று சொல்லி அந்த வாயை நான் மூடினேன். அந்த ஒரு பஸ் கடந்துபோன நேரம் அவருக்கு யோசிக்கப் போதுமானதாக இருந்தது.

இயக்குநரிடம் இரண்டையும் போட்டுக் காட்டி, வரிக்கு வரி சொன்னேன். அவர் அறையில் இங்கேயும் அங்கேயும் நடந்தார். திங்கட்கிழமை படத்தொகுப்பு ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு வளைவின் பெயரையே தலைப்பாக வைக்க எண்ணியிருந்தார்.

"ரெண்டுல எது பொய்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல்ல சொன்னதுல தப்பு அவர் மேல வருதுங்க சார். தன் தலையிலயே போட்டுக்கிற மாதிரி யாரு பொய் சொல்லுவாங்க?"

"சரி. அப்ப முதல் டேக்கையே போட்டுடலாம். இன்னும் நல்லதாப் போச்சு."

"அதையும் போட முடியாதுங்க. அவர்தான் அதை மாத்திச் சொல்லிட்டாரே. கேக்காமப் போட்டா அது திருட்டு மாதிரி."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா இருக்கு! நல்லாப் போய்க்கிட்டிருந்ததை நிறுத்தினது நீ. நிறுத்தினதும் தப்புங்கிற. சுத்தமா இருக்கிறது பொய்ங்கிற, உண்மையா இருக்கிறதைப் போடக்கூடாதுங்கிற. மிச்சம் என்ன இருக்கு? கருப்புத் திரையா?"

"ஒரு நாள் குடுங்க சார். அவரையே கேக்கறேன்."

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு நாள்தான். அவர் ஒத்துக்கிட்டா, அந்த அம்மா முன்னாடி போய்ச் சொல்வாரான்னும் கேளு. சொன்னா அதையும் பதிவு பண்ணிட்டு வா. கேமராவைப் பார்த்தா ரெண்டு பேரும் பேச மாட்டாங்க, ஒலி மட்டும் போதும். படத்தோட முடிவே அதுதான்."

அவர் சொன்னதில் தவறு இல்லை. படம் எடுக்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது.

பொன்னுசாமி மரவள்ளிக் காட்டில் இருந்தார். ரெக்கார்டரை வரப்பில் வைத்து, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். முதல் டேக், பிறகு இரண்டாவது. நான் எதுவும் சொல்லவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஹார்ன் வந்த இடத்தில் உடம்பு தூக்கிப்போட்டது. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

"ரெண்டாவதுதான் நல்லாருக்குதில்ல கண்ணு? ஒரு எரைச்சலும் இல்ல."

"ஆமாங்க அப்புச்சி. சத்தம் நல்லாருக்குது."

அவர் ஒரு மரவள்ளிக் கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டினார். தட்ட வேண்டிய மண் போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.

"மேஸ்திரிதான் சொன்னான். குடிச்சுட்டு வந்தான்னு சொல்லிரு, இல்லாட்டி விசிலு எங்க போச்சுன்னு உன்னியத்தான் கேப்பாங்க, ஜெயிலுக்குப் போயிருவேன்னான். ஒரு தடவ சொன்னேன் சாமி. அப்பறம் நான் சொல்ல வேண்டியதே இல்ல. ஊரே சொல்லிக்கிச்சு."

"எதைப் போடலாமுங்க? ரெண்டும் வேண்டாம்னாலும் சரி. இந்தக் காட்டுலயே அழிச்சுட்டுப் போறேன்."

"அழிச்சுப்போட்டா ஆச்சா?" என்றார் சட்டென்று. பிறகு குரல் இறங்கியது. "மொதல்ல சொன்னதையே போடு. ஆனா மறுபடியும் சொல்லச் சொல்லாத. கேமரா முன்னால உக்கார வெச்சீனா திரும்பவும் நல்லவனாயிருவேன்."

குப்பாயிக்கு முதலில் தெரிய வேண்டும், ஊரோடு ஊராக உட்கார்ந்து திரையில் அவர் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்றேன். பொன்னுசாமி தலையாட்டினார். தானும் வருவதாகச் சொன்னார். மைக் குத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். "குத்து, எனக்கென்ன" என்றார். குத்தினேன். குப்பாயி பெரியம்மா எதற்கு ஒப்புக்கொள்வார் என்று தெரியாது, வாசலிலேயே அவரையும் கேட்டுவிட்டுத்தான் ரெக்கார்டரைத் தொடுவது என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததுமே பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது.

"என்னுங்க மாமா, நீங்களும் சினிமாவுல சேந்துட்டீங்களா?"

"நீ ஒண்ணு கேக்கோணும் குப்பாயி. நான் பேசுனது. கேட்டுட்டு நீ என்ன வேணும்னாலும் சொல்லு" என்றார் பொன்னுசாமி.

இங்கே பேசுவதைப் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். "உன்ற மெஷினு, என்னமோ பண்ணு" என்றார் பெரியம்மா. ரெக்கார்டரை ஓடவிட்டேன். மிளகு மூட்டை ஒன்றின் மேல் லேப்டாப்பை வைத்து முதல் டேக்கை மட்டும் போட்டேன். திரையில் பொன்னுசாமி வளைவில் உட்கார்ந்து பேசினார். திரைக்கு வெளியே பொன்னுசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹார்ன் வந்தது. என் குரல் வந்தது. முடிந்தது.

பெரியம்மா இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

"அப்ப எங்கப்பன் குடிக்கல."

"இல்ல சாமி. அன்னைக்கிப் பச்சத் தண்ணிகூடக் குடிக்கல அவன். வேகாத வெயிலு."

"எங்கம்மா போயிப் பத்து வருசத்துக்கு மேல ஆச்சுங்க மாமா." அவர் குரல் உயரவில்லை. "கடசி வரைக்கும் அது எங்கிட்ட, உங்கப்பன் நல்லவன்தான், என்னமோ அன்னைக்கி மட்டும் குடிச்சுப்போட்டான்னுதான் சொல்லிச்சு. அது உசுரோட இருக்கறப்ப வந்து சொல்லியிருக்கலாமில்ல? இந்தத் தடத்துல எத்தன நாளுக் கடந்து போயிருக்கறீங்க!"

என் கண் தானாக ரெக்கார்டரின் ஒலி அளவுமானிக்குப் போனது. எல்லாம் சரியாக ஏறிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. பஸ் இல்லை. நான் பதிவு செய்ததிலேயே மிகச் சுத்தமான ஒலி அது.

பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க மாமா. அம்மாவ மேக்காட்டுலதான் பொதச்சிருக்குது. அங்க வந்து சொல்லுங்க. எங்கிட்டச் சொன்னது பத்தாது."

"வாரேன்."

நானும் எழுந்தேன். பெரியம்மா திரும்பிப் பார்த்தார்.

"நீ இங்கயே இரு கண்ணு. அந்தப் பொட்டியும் இங்கயே இருக்கட்டும்."

இரண்டு பேரும் மிளகுக் கொடிகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறினார்கள். நான் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டேன். ஹெட்போன் என் கழுத்தில் இருந்தது. அதிலிருந்து காலடிச் சத்தமும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும் சத்தமும் மெல்லியதாக வந்துகொண்டிருந்தன. அப்போதுதான் உறைத்தது. மைக் இன்னும் பொன்னுசாமியின் சட்டைக்குள் இருக்கிறது. அது கம்பியில்லா மைக். மேட்டில் இருக்கும் மேக்காடு வரை எளிதாக எட்டும். அவரும் மறந்துவிட்டார், பெரியம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். இயக்குநர் கேட்ட முடிவு தானாக வந்து சேரும். பிறகு அனுமதி கேட்டுக்கொள்ளலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. நம் தொழிலில் மிக எளிதாக வரும் நினைப்பு அதுதான்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ரெக்கார்டரில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு வினாடி. பிறகு எழுந்து ஓடினேன்.

பாதித் தூரத்தில் பிடித்துவிட்டேன். மூச்சிரைக்க அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி மைக்கை எடுத்து அணைத்தபோது பொன்னுசாமி, "அட, இது ஒண்ணு இருந்துச்சா!" என்றார். பெரியம்மா மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்ல வேள, ஓடியாந்த" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே நடந்தார்.

அவர்கள் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேலே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இருவரும் சொல்லவும் இல்லை. வாசலில் பேசியதைப் படத்தில் போடலாமா என்று கேட்டதற்குப் பெரியம்மா, "அந்தப் படத்துல மாமா பேசுனதப் போடு. இங்க பேசுனது எங்க ஊட்டுச் சமாச்சாரம்" என்றார். அப்படியே செய்தோம். இயக்குநர் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு அவரே அந்தப் பகுதியின் தலைப்பை வெள்ளையன் என்று மாற்றினார். முதல் டேக் ஹார்னோடுதான் படத்தில் இருக்கிறது. அதைக் குறைத்துத் தரட்டுமா என்று எடிட்டர் கேட்டபோது, ஒரு துளி குறைத்தாலும் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அந்தப் பெண்மணி படத்தைப் பார்த்துவிட்டு, "அந்த ஹார்ன் எப்படி உள்ளே வந்தது?" என்றுதான் முதலில் கேட்டார். முழுக்கதையையும் சொன்னேன். "சரி, இருக்கட்டும்" என்றார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு யாரும் வாங்கியதில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டால் இரைச்சல்தான் முதலில் காதில் விழும். அது பழகிவிடும். பேசுகிறவர் என்ன சொல்கிறார் என்பதையும் அதே காதால் கேட்க வேண்டும் என்பது எனக்குப் பழக வருடங்கள் ஆயின, உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதினேன்.

வாசலில் பதிவு செய்த கோப்பை நான் அழிக்கவில்லை. யாருக்கும் போட்டுக் காட்டியதும் இல்லை. ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். கடைசியில் ஏற்றத்தில் இரண்டு பேர் நடக்கும் சத்தம். பிறகு பின்னாலிருந்து ஒருத்தி ஓடிவரும் சத்தம். "அப்புச்சி, ஒரு நிமிசம் நில்லுங்க" என்று என் குரல். துணி உரசுகிறது. அத்தோடு நின்றுவிடுகிறது.